எல்லை தாண்டாத எட்டு நாள்

மலைக்கு நான் போகாத வருஷம் இல்லை. ஆனால் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக நிற்பதற்காகப் போனது இந்த வைகாசிக் கடைசியில்தான். ராசிங்காபுரத்தில் முதல் பஸ் ஏறும்போது என் மஞ்சள் பையில் ஒரு மாற்று வேட்டியும், விபூதிப் பொட்டலமும், வக்கீல் எழுதிக் கொடுத்த ஒரு பக்க மனுவும் இருந்தன. மனுவின் அடியில் அவர் நான்கு கோடு போட்டிருந்தார். லயத்து ஆட்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள், நான்கு பேர் அதில் கையெழுத்துப் போட்டால் ஜாகிரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். போடாவிட்டால் அவரை எங்கே கொண்டுபோவார்கள் என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

ஜாகிர் யார் என்று சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் நான் கங்காணியாக இருந்தேன். கடைசி ஐந்து வருஷம் என் கீழே வேலை பார்த்தவர் அவர். அசாமிலிருந்து வந்தவர். மனைவி மொமினா. மகள் நூரி பிறந்ததே அந்த லயத்து வீட்டில்தான். இரண்டு வருஷத்துக்கு முன் நான் வேலையை விட்டுவிட்டு ஊரில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாலும், லயத்துக்கு மேலே இருக்கும் மாரியம்மனுக்கு வைகாசியில் காப்புக் கட்ட நான்தான் போக வேண்டும். வெறும் கல்லாக இருந்த ஆத்தாளுக்குத் தகரக் கூரை போட்டது என் காலத்தில்.

காப்புக் கட்டினால் எட்டு நாள் சாமி கும்பிடு. மஞ்சள் நூலை மணிக்கட்டில் கட்டியவர்கள் அந்த எட்டு நாளும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. மருந்து வாங்கவேண்டுமென்றாலும் கட்டாத ஆளைத்தான் அனுப்புவோம்.

மாசியில் நூரிக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்த வீட்டுப் பார்வதி, மொமினாவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். நிலைப்படியில் வேப்பிலை கட்டினார்கள், தாளிப்பதை நிறுத்தினார்கள், பார்வதி கீழேயிருந்து வந்த இளநீரைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். பிள்ளை எழுந்து நடமாடியதும், “நூரி அப்பா இந்த வருஷம் கயிறு கட்டும்” என்று மொமினாவே வந்து சொன்னாள். “அவுக தொழுகுற ஆளுகளாச்சே” என்று லயத்தில் ஒன்றிரண்டு பேர் இழுத்தார்கள். “ஆத்தா அந்தப் பிள்ள மேல வந்து எறங்கும்போது என்ன சாமின்னு கேட்டா எறங்கினா?” என்று கேட்டுவிட்டு நான் கட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காப்பு. வியாழக்கிழமை ஜாகிருக்கு ஒரு காகிதம் வந்தது. வேற்று நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் தோட்டங்களில் கலந்திருக்கிறார்களாம். வடக்கத்தி ஆட்கள் எல்லாரையும் சரிபார்க்கிறார்களாம். வெள்ளிக்கிழமை காலையில் டவுனில் உள்ள அலுவலகத்துக்கு ஆவணங்களோடு வரச் சொல்லியிருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அண்ணா, நாளைக்கு வரச் சொல்றாங்க. இது கட்டியிருக்கு. போலாமா?”

“கட்டிட்டு எல்லை தாண்டக் கூடாதுப்பா. செவ்வாய்க்கிழமை சாமி கும்பிடு முடியுது. புதன்கிழமை வெரசாப் போவோம். நானே கூட வர்றேன். சாமி காரியம்னு சொன்னாக் கேட்டுக்கிருவாக.”

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடக்கும். ஊரில் காப்புக் கட்டியிருக்கிறது என்று சொன்னால் ஆபீசில் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். கல்யாணப் பேச்சே அந்த எட்டு நாளும் நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தோரணம் கட்டப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாங்கள் கரகம் எடுக்க ஓடைக்குப் போயிருந்த நேரத்தில் போலீஸ் வண்டி வந்தது. ஜாகிர் கோயிலில் பொங்கப் பானைக்கு அடுப்பு வெட்டிக்கொண்டிருந்தாராம். நான் கரகத்தோடு திரும்பி வந்தபோது கொட்டுச் சத்தத்துக்கு யாரும் குலவை போடவில்லை. ஜாகிரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அழைத்தும் வராமல் ஒளிந்து திரிந்தவர் என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள்.

இதுதான் நடந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் வெள்ளிக்கிழமையே போயிருப்பார்.

மனுவோடு கிளம்பிய அன்று போடி பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். மலை பஸ்சில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நிறைய இருந்தார்கள். முந்தல் தாண்டி ஏறும்போது ஒரு வளைவில் பஸ் புகைந்து நின்றுவிட்டது. டிரைவர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். கீழே போடி மண்ணில் தென்னந்தோப்புகள் கறுப்பாகத் தெரிந்தன. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நம்ம தோட்டத்துல நேத்து மூணு வடக்கத்தி ஆளுக சோலிக்கு வரல.”

“எங்க போனானுக?”

“யாருக்குத் தெரியும்? சோறு வடிச்ச சட்டி அடுப்புலயே இருக்கு. ஆளக் காணோம்.”

“நீ ஏதும் போனப் போட்டுச் சொல்லிட்டியாடி?”

“நான் எதுக்குடி சொல்றேன்? நீ சொல்லியிருப்ப. ஒனக்குத்தான் வாயி நிக்காது.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி சிரிப்பை நிறுத்திவிட்டு மற்றவளின் முகத்தைப் பார்த்தாள். பஸ் கிளம்பியதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சந்தேகப்படும்படியான ஆளைப் பற்றிச் சொல்ல ஒரு போன் நம்பரைக் கடைகளில் ஒட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மலை உச்சியில் பஸ் நிற்கும் மேட்டிலிருந்து மகேந்திரனின் ஜீப்பு. எங்கள் பக்கத்து ஊர்ப் பையன். இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். சோதனைச் சாவடியில் எல்லாரையும் அடையாள அட்டை காட்டச் சொன்னார்கள். நாற்பது வருஷமாக ஏறி இறங்குகிற மலை. ஒருநாளும் யாரும் என்னை யார் என்று கேட்டதில்லை. என் அட்டை வீட்டில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

“எங்க பெரியப்பா சாரே. ராசிங்காபுரம். கோயில்காரரு” என்றான் மகேந்திரன். நான் அவனுக்குப் பெரியப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. காவலர் என் நெற்றி விபூதியைப் பார்த்தார். “போய்க்கோ” என்று கையைக் காட்டிவிட்டார்.

“தேவாரத்துல தென்னைய முறிச்ச யானை, ரெண்டு நாள் கழிச்சு இங்கிட்டு வந்து ஏலத்த மிதிக்குது. அதுகிட்ட யாரும் அட்டை கேக்கக் காணோம் பெரியப்பா” என்று வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான். ஜீப்பில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்யில் ஏறி வந்துவிட்டோமே என்று வழி நெடுக மாரியாத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன்.

லயத்துக்குப் போனபோது சாரல் பிடித்திருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே பிள்ளைகள் ஓடும், யாராவது யாரையாவது ஏசிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குச் சத்தம் இல்லை. வடக்கத்தி ஆட்கள் இருந்த வரிசையில் பாதிக்கு மேல் பூட்டு. தமிழ் ஆட்களின் கதவும் சாத்தித்தான் இருந்தது. கங்காணி வந்திருக்கிறார் என்று தெரிந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மொமினா மட்டும் கதவைத் திறந்தாள். நூரி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சோறும், சிவப்புப் பருப்பும், உருளைக்கிழங்கை அவித்துக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்ததும் வைத்தாள். முதல் வருஷம் அந்த எண்ணெய் வாடைக்கு லயமே மூக்கைப் பிடித்தது. பிறகு பார்வதி வீட்டுக் குழம்பு இங்கே வரும், இந்த உருளைக்கிழங்கு அங்கே போகும். எங்கள் வீட்டு நல்லெண்ணெயை விட நெஞ்சைக் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் மலைக் குளிருக்கு அது நன்றாக இருக்கும்.

“பார்வதி வாராளா?” என்று கேட்டேன்.

மொமினா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள். “இது நம்மது. போன வாரம் வந்திச்சு. சும்மா வந்திச்சு.”

எனக்குப் புரிந்தது. எங்கள் ஆட்கள் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நாலு கல் உப்பாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஏழு வருஷத்தில் அந்த வழக்கம் மொமினாவுக்கும் பழகியிருந்தது. அதனால்தான் காலிக் கிண்ணம் என்ன சொல்கிறது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கு நான் கோயில் தகரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டேன். பழைய கங்காணி என்ற முறையில் மனுவின் முதல் கோட்டில் என் கையெழுத்தைப் போட்டேன். இன்னும் மூன்று.

மறுநாள் முதல் வேலையாக மேனேஜரைப் பார்த்தேன். கோட்டயம் பக்கத்து ஆள், நல்லவர். புட்டும் கடலைக் கறியும் வைத்து, கட்டன் சாயா கொடுத்தார். புட்டை எங்கள் வீட்டில் சர்க்கரை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். இங்கே வயிறு நிறையக் காலைச் சாப்பாடே அதுதான். மனுவை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து என் கையிலேயே வைத்தார்.

“கங்காணியே, ஜாகிர் நல்ல ஆளு. எனிக்குத் தெரியும். பட்சே ஞான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இவிடெ வந்து எல்லா ஆளுகளோட பேப்பரும் நோக்கும். பின்னெ மருந்தடிக்க ஆரு இருக்கும்?”

“ஒரு ஆளுக்காகச் சொல்லலாமே சாரே.”

“ஒரு ஆளோட நிக்காது.” பிறகு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் பெண்ணோடு பறயணும். ஆள் வேலைக்கு இல்லாத வீட்டைக் காலி செய்யணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளே.”

செல்லையாவைத் தேடித் தோட்டத்துக்குள் போனேன். அவர் நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர். கோயிலில் உறுமி அடிப்பது செல்லையாதான். ஜாகிருக்கு உறுமி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

“செல்லையா, கொஞ்சம் எறங்கி வாப்பா.”

“எறங்கினா கையெழுத்துக் கேப்பீக அண்ணே. நான் இங்கனயே இருக்கேன்.”

“மழை வருது.”

“நனையட்டும்.”

அண்ணாந்தே பேச வேண்டியிருந்தது. கழுத்து வலித்தது. அவர் வெட்டிய கொப்பு ஒன்று என் பக்கத்தில் வந்து விழுந்தது.

“எங்க அப்பன அங்க நீ இந்தியாக்காரன்னு சொன்னாக. கப்பல்ல ஏத்தி இங்க விட்டாக. இங்க சிலோன்காரன்னு சொன்னாக. வந்தப்ப கொடுத்த கார்டைத் தகரப் பெட்டியில வச்சு, பெட்டிய தலைக்கு வச்சுப் படுப்பாரு. சாகுற வரைக்கும் யாராச்சும் கதவத் தட்டினா மொதல்ல பெட்டியத்தான் தொடுவாரு. எனக்கு இப்பத்தான் ரெண்டு வருஷமா அந்தப் பெட்டிய மறந்து தூக்கம் வருது அண்ணே. திரும்ப எடுத்துக் காட்டச் சொல்றீகளா?”

“பாத்து எறங்கு, வழுக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பார்வதி வீட்டுக் கதவைத் தட்டினேன். “வாங்கண்ணே” என்றாள். உட்காரச் சொல்லவில்லை. அவள் ஜாகிரை மாமா என்றுதான் கூப்பிடுவாள், கேலிக்கு. “அசாம் மாமா, வெத்தல போடுறியா?” என்பாள். அவரும் “போடு மருமகளே” என்பார். லயமே சிரிக்கும்.

மனுவைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அண்ணே, ஒங்களுக்குத் தெரியாததா? எனக்கு இங்க ஒரு அட்டை இருக்கு. தேவாரத்துல ஒரு அட்டை இருக்கு. ஓட்டும் ரெண்டு பக்கமும். இந்த லயத்துல யாருக்கு இல்ல? இதுல பேரும் விலாசமும் எழுதிக் கொடுத்தா மொதல்ல என்னையத்தானே தோண்டுவாக?”

“சரி, கையெழுத்து வேணாம். சனிக்கிழமைக் கொட்டுக்கு நீ போன்ல படம் புடிச்சியே, ஜாகிர் உறுமி அடிக்கிறதை. அதையாச்சும் கொடு ஆத்தா. அவரு ஒளிஞ்சு திரியல, இங்கதான் இருந்தாருன்னு அதுல தெரியும்.”

“அழிச்சுட்டேன் அண்ணே.”

“ஏன்?”

“எல்லாரும் அழிச்சுட்டாக. நானும் அழிச்சுட்டேன்.” பிறகு கதவைப் பாதி சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “அந்த நம்பருக்கு நான்தான் சொன்னேன்னு லயத்துல பேசிக்கிறாக. அடுத்த வீடுல்ல, அதான். எம் பிள்ளைக மேல சத்தியமா நான் சொல்லல. நீங்களாச்சும் நம்புறீகளா?”

“நம்புறேன்” என்றேன். சொல்லும்போதே, ஒருவேளை இவள்தானோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அவளும் அதை என் கண்ணில் பார்த்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அன்றைக்கு இன்னும் ஏழு வீட்டில் நின்றேன். ஒரு வீட்டில் கால் வலி, ஒரு வீட்டில் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, ஒரு வீட்டில் உள்ளே ஆள் இருந்தும் பதில் இல்லை. பதினெட்டு வருஷம் இவர்கள் கையிலெல்லாம் காப்புக் கட்டியவன் நான். கும்பிடு முடிந்து ஒரே வரிசையில் உட்கார்ந்து பொங்கச் சோறு தின்றவர்கள். நூரிக்கு அம்மை போட்டபோது முறை வைத்து விழித்திருந்தவர்கள். ஒரு காகிதமும் ஒரு போன் நம்பரும் வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. கெட்டவர்கள் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கலக்கமாக இருந்தது. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டாவது வரலாம்.

மூன்றாம் நாள் காலை மொமினாவையும் நூரியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினேன். மொமினா தன் சாமான்களையும் இரண்டு மூட்டையாகக் கட்டிவிட்டாள். திரும்பி வந்தால் வீடு இருக்காது. ஜீப்பில் மூட்டைகளை ஏற்றும்போது மூடுபனிக்குள்ளிருந்து செல்லையா வந்தார். அரிவாளை இடுப்பிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

“பேனாவைக் கொண்டாங்க.”

ஜீப்பின் முன்மூடியில் வைத்து இரண்டாவது கோட்டில் போட்டார். கையிலிருந்த மரப் பிசின் காகிதத்தில் ஒட்டியது. “இதுக்கு மேல என்னையக் கேக்காதீக” என்று சொல்லிவிட்டு, நூரியைப் பார்க்காமலே திரும்பிப் போனார். போனவர் பாதையில் நின்று, அரிவாளை விட்டுவிட்டதை நினைத்து மறுபடி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

டவுன் போகும் வழியில் நூரி இரண்டு முறை வாந்தி எடுத்தது. ஒரு சாயாக்கடையில் நிறுத்தி வெந்நீர் கேட்டேன். கடைக்காரர் கொடுத்தார். அப்புறம் மொமினாவைப் பார்த்து என்னிடம் மலையாளத்தில், “இவர்கள் எந்த ஊர்?” என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, சும்மா கேட்டார். காசை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் மத்தியானம் வரை பெஞ்சில் இருந்தோம். உள்ளே கூப்பிட்ட அதிகாரி சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கச் சொன்னார். மனுவைப் படித்தார். அவர் பேசிய மலையாளத்தை என்னால் முடிந்தவரை இங்கே தமிழில் சொல்கிறேன்.

“காப்பு என்றால் என்ன?”

சொன்னேன். எட்டு நாளைச் சொன்னேன், எல்லையைச் சொன்னேன், கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன்.

“அவர் முஸ்லிம்தானே?”

“ஆமாங்கய்யா.”

“அப்படியானால் அம்மன் கோயிலில் அவருக்கு என்ன காப்பு?”

பிள்ளைக்கு அம்மை வந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“பெரியவரே, உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் நாங்கள் இப்படித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர் தன்னை மறைக்க நினைத்தால் என்ன செய்வார்? இங்கே உள்ளவர்களின் பாஷை பேசுவார். அவர்களுடைய மேளத்தை அடிப்பார். அவர்களுடைய கயிற்றைக் கட்டிக்கொள்வார்.”

ஜாகிர் எங்கள் ஆளாக ஆனதற்கு எதையெல்லாம் நான் சாட்சி என்று கொண்டுபோனேனோ, அதையெல்லாம் அதிகாரி எடுத்து எதிர்ப்பக்கம் வைத்துவிட்டார்.

“அவரு கட்டிக்கிறலய்யா. நான்தான் கட்டிவிட்டேன். போக வேணாம்னு சொன்னதும் நான்தான். எழுதிக்கங்க. என் பேரைப் போட்டு எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார். மனுவில் முத்திரை வைத்தார். நான்கு கோட்டில் இரண்டு காலியாக இருந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் சொன்னார்: ஜாகிரையும் இன்னும் சிலரையும் நேற்றே வேறு இடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. அங்கிருந்து எங்கே என்பது மேலே உள்ளவர்கள் முடிவு செய்வது. இந்த மனு பின்னாலேயே போகும்.

மொமினாவுக்கு எல்லாம் புரிந்ததா என்று தெரியவில்லை. “கண்டுட்டு வரலாமா?” என்று மட்டும் கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

எழுந்தபோது நான் ஒன்று கேட்டேன். “அய்யா, அவரு கையில காப்பு இருந்துச்சு. எட்டாம் நாள் ஆத்தா முன்னால அவுத்து ஓடையில விடணும். அதை என்ன பண்ணினாக?”

வாசலில் நின்ற எழுத்தர் பதில் சொன்னார். உள்ளே அனுப்பும்போது கயிறு, பெல்ட்டு எல்லாவற்றையும் அறுத்து எடுத்துவிடுவது வழக்கம் என்றார். பாதியில் அறுந்த காப்புக்கு என்ன பரிகாரம் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு படி இறங்கினேன்.

மொமினாவை எங்கே கொண்டுபோய் விடுவது? லயத்தில் இடமில்லை. அசாமுக்குத் தனியாக ரயில் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. அசாமில் இருக்கும் அவள் மச்சானிடம் போனில் பேசினோம். ஊர்க்காகிதங்களைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டு வரப் பத்து நாளாவது ஆகும் என்றார். வீட்டுக்குப் போன் போட்டு என் மனைவி பேச்சியம்மாளிடம் சொன்னேன். “கூட்டிட்டு வாங்க. பிள்ளைக்குக் கஞ்சி வச்சிருக்கேன். நம்ம பிள்ளையா இருந்தா விட்ருவமா?” என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் சோறு எங்கள் அடுப்பிலிருந்துதான் போகும்.

போடியில் இறங்கி, தேவாரம் போகும் பஸ் பிடித்து, ராசிங்காபுரத்தில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. மலையில் மூன்று நாள் நனைந்தவனுக்கு ஊர்ச் சூடு இதமாக இருந்தது. தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் மூட்டைகளையும் பிள்ளையையும் பார்த்தார்கள். “யாரு மாமா?” என்று ஒருத்தி கேட்டாள். “மலையில இருந்து” என்றேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. குடம் நிறைந்து வழிந்தும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் சொம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றாள். “வாத்தா, உள்ள வா” என்று மொமினாவின் கையைப் பிடித்தாள். சொம்பை நீட்டினாள்.

மொமினா வாங்கவில்லை. மூட்டையைக் கீழே வைத்தாள். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட தன் அட்டையையும் பிள்ளையின் அட்டையையும் எடுத்து, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, இரண்டு கையாலும் பேச்சியம்மாளிடம் நீட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடிப்பேன் என்பதுபோல நின்றாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

“ஐயே, இதெல்லாம் எதுக்குத்தா?” என்றாள் என் மனைவி.

சொல்லிவிட்டு, சொம்பை என் கையில் கொடுத்தாள். அட்டைகளை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெளிச்சத்தில் சாய்த்து, படத்தையும் முகத்தையும் பார்த்தாள். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள்.